கிரீன் பே பேக்கர்ஸ்

கிரீன் பே பேக்கர்ஸ் என்பது அமெரிக்க ஐக்கிய நாட்டின் விஸ்கொன்சின் மாநிலத்தில் உள்ள கிரீன் பே நகரைச் சேர்ந்த தொழில்முறை அமெரிக்கக் காற்பந்து அணியாகும். நீள்கோள வடிவப் பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடப்படும் இவ்விளையாட்டு, உலகக் கிண்ணப் போட்டிகளில் ஆடப்படும் காற்பந்தாட்டத்திலிருந்து வேறுபட்டது. இவ்வணி நேஷனல் ஃபுட்பால் லீக் (என்.எஃப்.எல்.) கூட்டமைப்பில் 13 முறை வாகை சூடியுள்ளது. இவற்றுள் நான்கு, இறுதிப்போட்டியான சூப்பர் போலில் பெற்ற வெற்றிகளாகும். 2020 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 1,07,000 மக்களே வாழும் சிறு நகரொன்றில் இவ்வணி நிலைத்திருப்பதற்கு அதன் உரிமை முறையும் விளையாட்டரங்கமும் முக்கிய காரணங்களாகும்.

தோற்றம்

1919 ஆம் ஆண்டில் கர்லி லாம்போ, ஜார்ஜ் விட்னி கால்ஹூன் ஆகியோர் இவ்வணியைத் தொடங்கினர். லாம்போ பணியாற்றிய இந்தியன் பேக்கிங் கம்பெனி என்னும் இறைச்சிப் பதனிடும் நிறுவனம் சீருடைகளுக்குப் பணம் அளித்தது. இறைச்சியைத் தகரப் பெட்டிகளில் அடைப்போர் என்னும் பொருளில் பேக்கர்ஸ் என்ற பெயர் அமைந்தது. 1921 இல் அணி கூட்டமைப்பில் சேர்ந்தது.

உரிமை முறை

1923 இல் நகர மக்களுக்குப் பங்குகளை விற்று, இலாப நோக்கற்ற நிறுவனமாக அணி மாற்றியமைக்கப்பட்டது. அதன் பின்னர் 1935, 1950, 1997, 2011, 2021 ஆகிய ஆண்டுகளிலும் பங்கு விற்பனை தொடங்கப்பட்டது. இன்று ஐந்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் பங்குதாரர்களாக உள்ளனர். பங்குகளுக்கு ஈவுத்தொகை கிடையாது. அவற்றை இலாபத்திற்கு விற்கவும் இயலாது. எனினும் பங்குதாரர்கள் இயக்குநர் குழுவைத் தேர்ந்தெடுக்க வாக்களிக்கலாம். தனி முதலாளி எவரும் இல்லாததால், அணியை வேறு நகருக்குக் கொண்டு செல்ல எவராலும் எளிதில் இயலாது. என்.எஃப்.எல். அணிகளுள் இவ்வாறு பொதுமக்களுக்கு உரிமையானது இது ஒன்றே.

விளையாட்டரங்குகள்

தொடக்கத்தில் வேலியற்ற ஹேகெமைஸ்டர் பூங்காவில் ஆட்டங்கள் நடைபெற்றன. நுழைவுச்சீட்டு இல்லாததால், பார்வையாளரிடையே தொப்பியை ஏந்திச் சென்று பணம் திரட்டினர். 1923, 1924 ஆம் ஆண்டுகளில் பெல்வியூ பூங்காவிலும், 1925 முதல் 1956 வரை சிட்டி ஸ்டேடியத்திலும் அணி விளையாடியது. வருவாயைப் பெருக்குவதற்காக 1933 முதல் 1994 வரை சில ஆட்டங்கள் மில்வாக்கி நகரில் நடத்தப்பட்டன.

1950களில் சிட்டி ஸ்டேடியம் போதுமானதாக இல்லை. புதிய அரங்கம் கட்டாவிடில் அணி மில்வாக்கிக்குச் சென்றுவிடும் என்ற அச்சம் நிலவியது. நெடுங்காலப் போட்டியாளரான சிக்காகோ பியர்ஸ் அணியின் உரிமையாளர் ஜார்ஜ் ஹாலஸ், கிரீன் பேக்கு வந்து புதிய அரங்கத்திற்கு ஆதரவாகப் பேசினார். 1956 ஏப்ரலில் நடந்த வாக்கெடுப்பில் மக்கள் பெரும்பான்மையாக ஒப்புதல் அளித்தனர். 1957 செப்டம்பர் 29 அன்று ஏறத்தாழ 32,000 இருக்கைகளுடன் அரங்கம் திறக்கப்பட்டது. முதல் ஆட்டத்தில் பேக்கர்ஸ் அதே சிக்காகோ அணியை 21–17 என்ற கணக்கில் வென்றது. லாம்போ மறைந்த 1965 ஆம் ஆண்டில் அரங்கத்திற்கு லாம்போ ஃபீல்ட் எனப் பெயரிடப்பட்டது.

பனிக் கிண்ணம்

1967 டிசம்பர் 31 அன்று, ஏறத்தாழ −25 பாகை செல்சியசு குளிரில், டல்லாஸ் கௌபாய்ஸ் அணிக்கு எதிரான கூட்டமைப்பின் வாகையர் ஆட்டம் இங்கு நடைபெற்றது. தரையைச் சூடாக வைத்திருக்க அவ்வாண்டு புல்லுக்கு அடியில் மின்கம்பிகள் பதிக்கப்பட்டிருந்தன. ஆயினும் மூடியிருந்த விரிப்பை அகற்றியதும், அடியில் தங்கியிருந்த ஈரம் உறைந்து தரை கெட்டியானது. கடைசி விநாடிகளில் பார்ட் ஸ்டார் தாமே பந்தை எல்லைக்கோட்டுக்குள் கொண்டு சென்றதால் பேக்கர்ஸ் 21–17 என வென்றது.

விரிவாக்கம்

2000 இல் பிரவுன் மாவட்ட வாக்காளர்கள் அரை விழுக்காடு விற்பனை வரிக்கு ஒப்புதல் அளித்தனர். அதன் உதவியால் 2003 இல் அரங்கம் புதுப்பிக்கப்பட்டது. இவ்வரி 2015 இல் முடிவுக்கு வந்தது. பிற்கால விரிவாக்கத்துக்குப் பின் இருக்கைகளின் எண்ணிக்கை 81,441 ஆக உயர்ந்தது. இது நகர மக்கள்தொகையின் நான்கில் மூன்று பங்காகும்.