கூடைப் பந்தாட்டம் பிறந்த கதை

“கருவிகள் இல்லை; பிள்ளைகளுக்கு எதைக் கற்பிப்பது?” என்று தோட்டப் பள்ளி ஆசிரியர் நாம் வருந்துவதுண்டு. கூடைப் பந்தாட்டமோ அவ்வில்லாமையிலேயே பிறந்தது.

1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. எனும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிரால் உள்ளே முடங்கிய 18 மாணவர்க்கு ஆட்டமொன்று தேடினார். பணியாளரிடம் இரு பெட்டிகள் கேட்டார். கிடைத்தவை பீச் பழக்கூடைகள். அவற்றை மேல்மாடத்தின் விளிம்பில் அறைந்தார். அதன் உயரம் 10 அடி. வளையத்தின் உயரம் இன்றும் அதுவே! பந்து, கால்பந்து, விதிகள் 13, அணிக்கு ஒன்பதின்மர். கூடைக்கு அடிப்பாகம் இருந்தமையால், விழுந்த பந்தை ஏறித்தான் எடுத்தனர்.

அப்பள்ளியில் பயின்ற ஹாரி குரோ பக், 1920இல் சென்னையில் அச்சங்கத்தின் சார்பில் உடற்பயிற்சிப் பள்ளியை நிறுவி, ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். நம் பிரிக்பீல்ட்சிலுள்ள ஒய்.எம்.சி.ஏ.வும் அவ்வியக்கத்தைச் சார்ந்ததே. 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் இவ்வாட்டம் இடம்பெற்றபோது, நெய்ஸ்மித் நேரில் கண்டு மகிழ்ந்தார்.

ஆசிரியப் பெருமக்களே! திடலோரத்தில் இரு கம்பங்கள் நட்டு, 10 அடி உயரத்தில் பிரம்பு வளையங்களைக் கட்டுங்கள். அவரிடமும் இதற்குமேல் இருந்ததில்லை.