பொறுப்பைக் கையளித்தல்: பெரம்பூர், 1918 – 1947

வடசென்னையில் நான் படித்த கல்லூரியின் தமிழ் மன்றத்துக்கென்று ஒரு தகரப்பெட்டி உண்டு. எண்பதுகளின் நடுவில் ஒரு மாலை, வெளியேறும் செயலர் அந்தப் பெட்டியை என்னிடம் ஒப்படைத்தார். உள்ளே நிகழ்ச்சிக் குறிப்பேடு, ஒரு ரப்பர் முத்திரை, மடித்து வைத்த துணிப்பதாகை ஆகியவை இருந்தன. வரவு செலவு நோட்டு மட்டும் இல்லை. "யாராவது கேட்டா சார்கிட்ட இருக்குன்னு சொல்லிடுப்பா" என்றார். சார் என்பது மன்றத் தலைவரான பேராசிரியர். எங்கள் மன்றத்தில் தலைவர் எப்போதும் ஆசிரியர்தான். மாணவன் எவ்வளவு உயர்ந்தாலும் செயலர் பதவியோடு சரி. வகுப்புத் தோழன் ஒருவனின் வீட்டுத் திண்ணையில் இதைக் குறைப்பட்டுக்கொண்டபோது, துறைமுகத்தில் வேலை பார்த்த அவனுடைய அப்பா சிரித்தார். "எங்க யூனியன்லயும் அப்படித்தான் தம்பி. தலைவர் வெளியிலேர்ந்து வருவாரு. ரசீது புக்கு எங்ககிட்ட இருக்கும்."

அந்தச் சொற்களின் பின்னால் எழுபது ஆண்டு வரலாறு இருந்தது என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே புலப்பட்டது. அவ்வரலாறு துறைமுகத்தில் தொடங்கவில்லை. அதற்கு மேற்கே சில கல் தொலைவில், பெரம்பூரின் பஞ்சாலைகளை ஒட்டிய ஒரு பஜனை சபையில் தொடங்கியது.

ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபா என்பது அதன் பெயர். பக்திச் சொற்பொழிவுகள் நடத்துவது அதன் பணி. அதை நடத்தியவர்களுள் முக்கியமானவர்கள் செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு என்னும் இரு சிறு வணிகர்கள். பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்களே அவர்களுக்கு வாடிக்கையாளர்கள். சபைக்கு வந்து அமர்ந்து கேட்டவர்களும் அவர்களே. நிர்வாகம் பின்னி கம்பெனியுடையது என்பதால் ஊராருக்கு அது பின்னி மில். நண்பகல் உணவுக்குக் கிடைக்கும் அரைமணி நேரம் போதாமை, மேஸ்திரிகளின் அடி, போர்க்கால விலைவாசி முதலியவற்றைப் பற்றிய புலம்பல் முதலில் வந்து சேர்ந்த இடம் இவர்களுடைய கடைவாசல்தான். 1918 மார்ச்சில் சபையின் சார்பில் நடந்த ஒரு கூட்டத்தில் 'தேசபக்தன்' ஆசிரியர் திரு.வி. கலியாணசுந்தரனார் பேசினார். அங்கே பேச்சு பக்தியிலிருந்து தொழிலாளர் நிலைக்குத் திரும்பியது. கூடியிருந்தோர் கலைந்து போகாமல் சங்கம் வேண்டும் என்று கேட்கத் தொடங்கினர்.

இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். கூட்டம் சேர்த்தவர்கள் இவ்விருவர். தொழிலாளரின் பெயரும் தெருவும் குறையும் அறிந்தவர்களும் இவர்களே. ஆயினும் தலைமைப் பொறுப்பை இவர்கள் தங்களுக்கென வைத்துக்கொள்ளவில்லை. அன்னி பெசண்டைத் தேடி 'நியூ இந்தியா' அலுவலகத்துக்குப் போயினர். அங்கே அவர்களுக்கு வாய்த்தவர் பி.பி. வாடியா. பம்பாய்ப் பார்சி, தியசாபிகல் சங்கத்தவர், 1917இல் பெசண்டோடும் அருண்டேலோடும் காவலில் வைக்கப்பட்டவர். தமிழ் அறியாதவர். அவர் ஆங்கிலத்தில் பேச, உடன் நிற்பவர் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது வாடியா தலைவரானார். திரு.வி.க.வும் கேசவ பிள்ளையும் துணைத் தலைவர்கள். செட்டியாரும் நாயுடுவும் செயலாளர்கள்.

இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று இதைச் சொல்வது வழக்கம். பம்பாயில் லோகண்டே 1890இலேயே ஆலைத் தொழிலாளருக்காக ஓர் அமைப்பை நடத்தினார். ஆனால் அதற்கு உறுப்பினர் பட்டியலோ சந்தாவோ விதிகளோ இருந்ததில்லை. பெரம்பூரில் அவையெல்லாம் இருந்தன. ஆகவே அங்கே பொறுப்பு என்பது ஓர் ஆளின் செல்வாக்காக மட்டும் இல்லாமல், ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கைமாறக்கூடிய பொருளாயிற்று. கைமாறக்கூடியதைப் பறிக்கவும் முடியும் என்பது மூன்றே ஆண்டுகளில் தெரிந்துவிட்டது.

1920 அக்டோபரில் ஆலையில் தகராறு மூண்டு கதவடைப்பு வந்தது. நிர்வாகம் தொழிலாளரோடு மட்டும் மோதவில்லை. சங்கத் தலைவர்கள் மீது உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. வேலை ஒப்பந்தத்தை மீறுமாறு தொழிலாளரைத் தூண்டியதால் கம்பெனிக்கு நட்டம் என்பதே வாதம். நீதிமன்றம் வாடியாவுக்கும் பிறருக்கும் எதிராகத் தடை ஆணை பிறப்பித்தது. இந்த வாதம் இங்கிலாந்திலிருந்து வந்த சரக்கு. அங்கே டாஃப் வேல் ரயில்வே வழக்கில் 1901இல் பிரபுக்கள் சபை சங்க நிதியின் மீதே பொறுப்பைச் சுமத்தியது. சங்கம் 23,000 பவுண்டு நட்ட ஈடு கொடுக்க நேர்ந்தது. அதனால் எழுந்த கொதிப்பில் 1906இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் இயற்றித் தொழிற்சங்கங்களைக் காத்தது. பழைய பொதுச்சட்டம் கப்பலேறிச் சென்னைக்கு வந்துவிட்டது. 1906ஆம் ஆண்டுப் பாதுகாப்பு மட்டும் வந்து சேரவில்லை.

1921 ஜனவரியில் சமரசம் ஏற்பட்டது. வழக்கு கைவிடப்படும், வாடியா தொழிலாளர் இயக்கத்தோடு தொடர்பை அறுத்துக்கொள்ள வேண்டும். இதுதான் ஒப்பந்தத்தின் உயிர்நிலை. வாடியா விலகினார்.

வாடியா சங்கத்தைக் காக்கத் தம்மையே விட்டுக்கொடுத்தார் என்று எழுதுவோர் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. வழக்கு நீடித்திருந்தால் புதிய சங்கத்தின் நிதி நீதிமன்றச் செலவிலேயே கரைந்திருக்கும். ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு சங்கத்தின் தலைவர் யாராக இருக்கக்கூடாது என்பதை அந்தச் சங்கம் எவரை எதிர்த்து நின்றதோ அந்த முதலாளி தீர்மானித்தார். பதவிக்காலம் முடியவுமில்லை, வாக்கெடுப்பு நடக்கவுமில்லை. தலைமை மாற்றம் வழக்குச் சமரசத்தின் ஒரு நிபந்தனையாக நடந்தேறியது. வாடியா அடுத்த ஆண்டே தியசாபிகல் சங்கத்தையும் விட்டுப் பிரிந்து வேறொரு ஆன்மிக அமைப்புக்குப் போனார். 1945இல் பெங்களூரில் உலகப் பண்பாட்டு நிறுவனத்தை நிறுவி, 1958இல் மறைந்தார். தொழிலாளர் மேடைக்கு அவர் திரும்பவில்லை. பெரம்பூர் அவர் வாழ்வில் மூன்று ஆண்டு அத்தியாயம் மட்டுமே. செட்டியாருக்கும் நாயுடுவுக்கும் அது சொந்தத் தெரு.

வாடியா விட்டுச்சென்ற சுமையின் பெரும்பகுதி திரு.வி.க.வின் தோளில் விழுந்தது. பொறுப்பேற்க அதைவிடக் கெட்ட வேளை அமைந்திருக்க முடியாது. 1921 கோடையில் தொடங்கிய வேலைநிறுத்தம் அக்டோபர் வரை இழுத்தது. ஆளுநர் வெலிங்டன் திரு.வி.க.வை அழைத்து நாடுகடத்தப்போவதாக எச்சரித்ததை அவர் தமது வாழ்க்கைக் குறிப்புகளில் பதிந்திருக்கிறார். ஆகஸ்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அவற்றையெல்லாம் விடப் பெரிய அடி உள்ளிருந்து வந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. சாதி மோதல் மாதக்கணக்கில் நீடித்தது.

இதை நிர்வாகத்தின் பிரித்தாளும் சூழ்ச்சி என்று மட்டும் சொல்லி முடிப்பது நம் எழுத்தாளர்களிடம் பழகிப்போன வழக்கம். சூழ்ச்சி இருந்திருக்கலாம். ஆனால் 1918இன் நிர்வாகிகள் பட்டியலை மறுபடி படியுங்கள்: ஒரு பார்சி, ஒரு முதலியார், ஒரு பிள்ளை, ஒரு செட்டியார், ஒரு நாயுடு. ஆலையில் ஆயிரக்கணக்கில் உழைத்த சேரி மக்களில் ஒருவர் பெயரும் அங்கே இல்லை. முந்தைய வேலைநிறுத்தத்தின் கடனே தீராதபோது அடுத்ததற்கு வா என்று அழைத்தால், அன்றாடக் கூலியில் பிழைப்பவன் தயங்குவான். அந்தத் தயக்கத்தைச் சங்க மேடையிலேயே சொல்ல அவர்களுக்கு ஓர் ஆள் இருந்திருந்தால் எம்.சி. ராஜா வெளியிலிருந்து பேச நேர்ந்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது. திரு.வி.க.வின் நேர்மையில் ஐயமில்லை. ஆயினும் அவர் பெற்றுக்கொண்ட சங்கத்தில் அந்த நாற்காலி தொடக்கத்திலிருந்தே போடப்படவில்லை.

வாடியா வழக்கின் பயன் வேறொரு திசையில் விளைந்தது. 1921 மார்ச்சில் என்.எம். ஜோஷி மத்தியச் சட்டசபையில் தொழிற்சங்கப் பாதுகாப்புக்காகத் தீர்மானம் கொண்டுவந்தார். ஐந்தாண்டு கழித்து 1926இல் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. அதன் 18ஆம் பிரிவு, தொழில் தகராறின்போது வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டியதற்காகப் பதிவுபெற்ற சங்கத்தின் மீதோ அதன் நிர்வாகிகள் மீதோ உரிமையியல் வழக்குத் தொடுக்க இயலாது என்றது. வாடியாவை வீழ்த்திய ஆயுதம் அத்தோடு முறிந்தது.

என் தகரப்பெட்டிக்கு நெருக்கமானது 22ஆம் பிரிவு. சங்க நிர்வாகிகளில் பாதிப்பேருக்குக் குறையாமல் அந்தத் தொழிலில் உள்ளபடியே வேலை செய்வோராக இருக்க வேண்டும் என்று அது விதித்தது. மறுபாதி வெளியாட்களாக இருக்கலாம். 2001ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வெளியாள் பங்கை, அமைப்புசாராத் தொழில்கள் நீங்கலாக, மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐவர், இவற்றில் எது குறைவோ அது என்று சுருக்கியது. பதினைந்து வயது நிரம்பியவர் உறுப்பினராகலாம், ஆனால் பதினெட்டு ஆகாமல் நிர்வாகியாக முடியாது என்றும் அச்சட்டத்தில் இருந்தது. பதினைந்து வயதில் ஆலைக்குப் போன பிள்ளைகள் இருந்த காலம் அது.

வெளியாள் ஏன் தேவைப்பட்டார்? ஆங்கிலம் தெரிந்தவர் வேண்டும் என்பது பாதிக் காரணம். மீதி எளியது: நெசவுத்தறியில் நிற்பவன் தலைவனானால் மறுநாள் அவனுக்கு வேலை இருக்காது. வாடியாவை வேலையிலிருந்து நீக்க முடியாததால்தான் கம்பெனி நீதிமன்றத்துக்குப் போனது. வெளியாள் தலைமை என்பது ஒரு கேடயம். கேடயத்தைத் தூக்கிப் பிடித்தவரே முடிவும் எடுப்பவராகிவிட்டது அதன் விலை.

அந்த விலையை 1946க்குப் பிறகும் பெரம்பூர் கொடுத்தது. மனம் உவந்தே கொடுத்தது என்றும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு சங்கத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளை. யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பிலும் இலண்டனிலும் படித்து, இலங்கைச் சமசமாஜக் கட்சியில் சேர்ந்து, போர்க்காலத்தில் தமிழகம் வந்து தலைமறைவாக இயங்கிய டிராட்ஸ்கியர். வாடியாவைப் போலவே வெளியிலிருந்து வந்தவர். ஆனால் மேடையில் அவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. 1947 மார்ச்சில் தொடங்கிய வேலைநிறுத்தம் மூன்று மாதம் நீடித்தது. அவர் கைதானார். முதிர்ந்த திரு.வி.க. அந்தப் போராட்டத்தின்போது வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். தேசியத் தலைவர்களின் ஆட்சியில், விடுதலைக்குச் சில வாரங்கள் இருக்கையில். இம்முறை வாடியாவுக்கு நேர்ந்தது நேரவில்லை. தலைவர் சிறைக்குப் போனாலும் அவரைச் சங்கம் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்தோணிப்பிள்ளை அதன்பின் கிழக்கே திரும்பினார். சென்னைத் துறைமுகத் தொழிலாளர் சங்கத்துக்கும், நாடு தழுவிய துறைமுகத் தொழிலாளர் கூட்டமைப்புக்கும் தலைமை தாங்கினார். 1957இல் வடசென்னைத் தொகுதி அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. திண்ணையில் சிரித்த அந்த மனிதர் 'வெளியிலேர்ந்து வருவாரு' என்றது இவரை மனத்தில் வைத்துத்தான். அந்தச் சிரிப்பில் புகார் இல்லை என்பது இப்போது விளங்குகிறது. அந்தோணிப்பிள்ளை 2000இல் மறைந்தார். அதற்கு நான்கு ஆண்டு முன்னர், 1996இல், பின்னி மில் நிரந்தரமாக மூடப்பட்டிருந்தது.

வாடியாவின் பேச்சுகள் 'லேபர் இன் மெட்ராஸ்' என்னும் பெயரில் 1921இலேயே நூலாகிவிட்டன. திரு.வி.க. தம் வாழ்க்கையைத் தாமே எழுதினார். செட்டியாரும் நாயுடுவும் உறுப்பினர்களின் பெயர்களை நினைவில் வைத்திருந்தார்களோ, நோட்டில் எழுதி வைத்திருந்தார்களோ. சந்தா வாங்கியவர்கள், கூட்டத்துக்கு இடம் பிடித்தவர்கள் அவர்களே. வரலாற்று நூல்களில் அவர்களுக்குக் கிடைப்பது வழக்கமாக ஒரே ஒரு வாக்கியம், அதிலும் இருவர் பெயரும் சேர்த்து.

மறு ஆண்டு தகரப்பெட்டியை அடுத்த செயலரிடம் நான் ஒப்படைத்தபோது, ஓராண்டுக்கான வரவு செலவை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி உள்ளே வைத்திருந்தேன். பழைய ஆண்டுகளின் கணக்கைச் சாரிடம் கேட்கும் துணிவு எனக்கும் வரவில்லை. புதியவன் முத்திரையை எடுத்து உள்ளங்கையில் ஒருமுறை குத்திப் பார்த்துவிட்டு, நோட்டைத் திறக்காமலே பெட்டியைப் பூட்டினான்.