எலும்புக்கு ஒரு பெயர்

பரளச்சிப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி கடிதம் போட்டிருந்தார். பி.எஸ்ஸி. முடிக்கப் போகிறார். அடுத்து தடயவியல் மானுடவியலில் எம்.எஸ்ஸி. படிக்க ஆசை. அதாவது, ஒரு எலும்புக்கூட்டை வைத்து அது ஆணா பெண்ணா, என்ன வயசு, என்ன உயரம், எப்படிச் செத்தார் என்று சொல்கிற படிப்பு. ‘நாலு செமஸ்டருக்கும் என்னென்ன பேப்பர் எடுக்கலாம் சார்?’ என்று கேட்டிருந்தவர், கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார். ‘எலும்பு பொறுக்கவா தாயி காலேஜுக்குப் போறேன்னு அப்பா கேக்குறார்!’

பி.காம். படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால், பதில் அவர் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திருச்சுழி, நரிக்குடி தாண்டினால் மானாமதுரை. அங்கேதான் 1952 ஆகஸ்ட் கடைசியில் அந்தப் பெட்டி இறங்கியது.

சென்னையிலிருந்து தனுஷ்கோடி போகும் போட் மெயில். பெட்டிக்குள் பயணிகள் மூக்கைப் பொத்துகிறார்கள். கேட்பாரற்றுக் கிடந்த ஒரு டிரங்குப் பெட்டியிலிருந்துதான் அந்த நாற்றம். மானாமதுரையில் இறக்கித் திறந்தால்... தலையில்லாத ஓர் ஆண் உடல்!

தலை சென்னை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. சென்னையில் ஒரு பேனா வியாபாரி காணாமல் போயிருந்தார். பெயர் ஆளவந்தார். அவர் மனைவி அடையாளம் காட்டினார். காதில் இருந்த துளைகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்த பல்... இவையெல்லாம் அவருக்குத்தானே தெரியும்! ஆளவந்தார் முன்பு ராணுவத்தில் வேலை பார்த்தவர். அங்கே பதிவாகியிருந்த கைரேகையும் பிணத்தின் கைரேகையும் ஒத்துப்போயின. உடலுக்குப் பெயர் கிடைத்தது. வழக்கு நடந்தது, தண்டனையும் கிடைத்தது.

அந்த மனைவியின் ஞாபகமும் ராணுவத்தின் ரிஜிஸ்டரும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? மானாமதுரையில் ஓர் அநாதைப் பிணம், அவ்வளவுதான்!

சரி, காது மக்கிப்போய், விரலும் கரைந்து, வெறும் எலும்புதான் மிச்சம் என்றால்? அந்த இடத்தில்தான் நம் மாணவி ஆசைப்படுகிற படிப்பு ஆரம்பிக்கிறது.

வேடிக்கை பாருங்கள். அதே 1952-ல்தான் அமெரிக்காவில் மில்ட்ரெட் டிராட்டர், கோல்டின் கிளெசர் என்று இரண்டு பெண்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். தொடை எலும்பு இவ்வளவு நீளம் என்றால் ஆள் இவ்வளவு உயரம் என்று சொல்லும் கணக்கு. டிராட்டர் உடற்கூறியல் பேராசிரியை, கிளெசர் புள்ளியியல்காரர். இரண்டாம் உலகப் போரில் இறந்த அமெரிக்கச் சிப்பாய்களின் எலும்புகளை ஹவாய் தீவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அளந்தார் டிராட்டர். பட்டாளத்தில் சேரும்போது எழுதிய உயரம் ஃபைலில் இருந்தது. எலும்பு ஒரு பக்கம், ஃபைல் ஒரு பக்கம். இரண்டையும் டேலி செய்தார்கள். உலகம் முழுக்க அந்த ஃபார்முலா பரவியது.

நாற்பது வருஷம் கழித்து ஆடிட் நடந்தது! 1990-களில் ஆராய்ச்சியாளர்கள் பழைய அளவுகளைச் சரிபார்த்தபோது, முழங்காலுக்குக் கீழே இருக்கும் பெரிய எலும்பை டிராட்டர் கொஞ்சம் குறைத்தே அளந்திருந்தது தெரிந்தது. கணுக்கால் பக்கம் துருத்தும் நுனியை விட்டுவிட்டார். ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் சமாச்சாரம். ஆனால், எலும்பை முழுசாக அளந்து அந்த ஃபார்முலாவில் போட்டால் ஆளின் உயரம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடிவிடும். காணாமல் போனவர்கள் பட்டியலில் சரியான ஆளைத் தள்ளிவிட அது போதாதா?

இன்னொன்று. அது அமெரிக்க எலும்பில் போட்ட கணக்கு. கஞ்சி குடித்து, வெயிலில் மிளகாய்ப் பழம் பொறுக்கி வளர்ந்த கரிசல்காட்டு உடம்புக்கு அது அப்படியே பொருந்தும் என்று யார் சொன்னது?

ஆகவே தாயி, என் யோசனை இதுதான். முதல் செமஸ்டரில் எலும்பு. 206 எலும்பையும், அதன் உடைந்த துண்டுகளையும் கண்ணை மூடித் தொட்டாலே சொல்லத் தெரிய வேண்டும். ஆட்டு எலும்பா, மனுஷ எலும்பா என்பது உட்பட. இரண்டாவதில் புள்ளியியல். பயந்து ஓட வேண்டாம். ‘உயரம் 165 சென்டிமீட்டர்’ என்று அடித்துச் சொல்வதைவிட, ‘இத்தனையிலிருந்து இத்தனைக்குள்’ என்று சொல்வதுதான் நேர்மையான கணக்கு. மூன்றாவதில் அகழாய்வும் சட்டமும். மண்ணை எப்படி அடுக்கடுக்காக எடுப்பது என்று கீழடிப் பக்கம் கொந்தகையில் தாழி தோண்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கோர்ட்டில் நிபுணரின் கருத்துக்கு என்ன இடம் என்பதை 2024-ல் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 39-ம் பிரிவு சொல்கிறது. நாலாவதில் ஆய்வு. நம் ஊர் எலும்புக்கு நம் ஊர் அளவுகோல். இதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இதெல்லாம் எதற்கு என்று அப்பா கேட்பார். அந்த போட் மெயில் அன்றைக்கு எங்கே போய்ச் சேர்ந்த ரயில் என்று அவரிடம் கேளுங்கள். தனுஷ்கோடிக்கு. அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். அந்தக் கரையில், யாழ்ப்பாணத்துச் செம்மணியில், 1998-ல் ஒரு ராணுவ வீரர் கோர்ட்டில் நின்று, ‘இங்கே ஆட்களைப் புதைத்திருக்கிறோம்’ என்று சொன்னார். 1999-ல் தோண்டி 15 எலும்புக்கூடுகளை எடுத்தார்கள். 2025-ல் அதே செம்மணியில், சித்துபாத்தி மயானத்தில், 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. குழந்தைகளின் எலும்புகளும் உண்டு. கூடவே ஒரு பள்ளிக்கூடப் பை, பொம்மை... 2025 ஆகஸ்டில் அந்தப் பொருட்களை ஊர் பார்க்க வைத்தார்கள். யாராவது ஒரு தாய், ‘இது என் பிள்ளையுடையது’ என்று சொல்வாளா என்று.

அன்றைக்கு ஆளவந்தாரின் மனைவி செய்ததும் அதைத்தானே! எலும்பு தானாகப் பேசாது. வீட்டுக்காரர்களின் ஞாபகத்தையும், யாரோ எழுதிவைத்த ஏட்டையும் பக்கத்தில் வைத்துப் பொறுமையாக டேலி செய்ய ஓர் ஆள் வேண்டும்.

நம் ஊரில் காடாத்தும்போது வீட்டுப் பெரியவர்கள் சாம்பலைக் கிளறி எலும்பு பொறுக்குவார்கள். அதை இழிவான வேலை என்று யாரும் சொன்னதில்லை. செத்தவருக்குச் செய்யும் கடைசி மரியாதை அது. அந்த மரியாதை கிடைக்காமல் மண்ணுக்குள் கிடப்பவர்கள் நிறையப் பேர்.

‘ஆமாப்பா, எலும்பு பொறுக்கத்தான் போறேன். பொறுக்கி, உரியவங்க கையில குடுக்கப் போறேன்’ என்று சொல்லுங்கள். அப்பா புரிந்துகொள்வார்.