முடங்கிய ஆட்டமும் மூலம் தேடிய மாந்தரும்

பிழை நேர்ந்தவுடன் மனிதன் முதலில் பிறர்மீது பழி சுமத்துகிறான். அடுத்து, எவரோ சொன்ன மருந்தை ஆராயாமல் உட்கொள்கிறான். மூன்றாவதாகவே காரணத்தைத் தேடத் தொடங்குகிறான். இம்மூன்று படிகளையும் ஏறக்குறைய பத்தாண்டுகளில் கடந்து வந்த ஒரு கூட்டத்தாரின் வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகிறேன். அவர்கள் கணினி விளையாட்டை விரும்பி ஆடுவோர். விளையாட்டுத்தானே என்று ஒதுக்கிவிடாமல் செவிசாய்க்குமாறு வாசகரை வேண்டுகிறேன்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த பெதஸ்டா நிறுவனம் 2002 ஆம் ஆண்டில் மோரோவிண்ட் என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதன் கணினிப் பதிப்போடு, ஆட்ட உலகைத் திருத்தி அமைக்கும் கருவியையும் சேர்த்தே வழங்கியது. ஆடுவோரே புதிய ஊர்களையும் உடைகளையும் கதைகளையும் படைத்து ஆட்டத்தில் இணைக்கலாயினர். இத்தகைய இணைப்புகளை மோட் என்பர். 2006 இல் ஒப்ளிவியன் வந்தது. 2011 நவம்பர் 11 ஆம் நாள் ஸ்கைரிம் வந்தது; அதற்குரிய கருவி 2012 பிப்ரவரியில் வெளியானது. அதன்பின் மோட்கள் ஆயிரக்கணக்கில் பெருகின. ஒருவரே நூறு, இருநூறு மோட்களை இணைத்து ஆடுவது வழக்கமாயிற்று.

தொல்லையும் அங்கேயே தொடங்கிற்று. ஒரு மோட்டைப் படைத்தவர் மற்றொன்றைப் படைத்தவரை அறியார். இருவரும் ஒரே பொருளை மாற்றியமைத்தால், வரிசையில் பின்னே நிற்பதே செல்லுபடியாகும். முன்னது செய்த மாற்றம் மறைந்துபோகும். ஒரு மோட் வேறொன்றைச் சார்ந்திருக்க, அந்த மற்றொன்று இல்லாது போயின், ஆட்டம் தொடக்கத்திலேயே வீழும். ஒவ்வொரு மோட் கோப்புக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அவ்வெண்களின் அமைப்பால் மூல ஆட்டத்தின் கோப்பையும் சேர்த்து 255 கோப்புகளுக்கே அன்று இடமிருந்தது. இவை யாவற்றினும் கொடியது யாதெனில், ஆட்டம் வீழும்போது ஒரு சொல்லும் சொல்லாது வீழ்ந்ததே. திரை மறையும், ஆடுவோர் திகைத்து நிற்பர்.

இந்நிலையில் செவிவழி மருத்துவம் தலையெடுத்தது. ஆட்டத்தின் அமைப்புக் கோப்பிலுள்ள எண்களை மாற்றினால் யாவும் சீராகும் என்று பலரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டனர். ஆடுபவரைச் சுற்றியுள்ள நிலப்பரப்பில் எவ்வளவு பகுதி முழுமையாக இயங்க வேண்டும் என்பதை 5 என்னும் எண் குறித்தது. காட்சி அழகுக்காக அதனை 7 என்றும் 9 என்றும் உயர்த்துமாறு சிலர் அறிவுரை கூறினர். விளைவு, முடக்கங்கள் பெருகியதே. மருந்தே நோயாயிற்று.

பின்னரே ஆராய்ச்சி தலைதூக்கியது. ஒப்ளிவியன் காலத்தில் பிறந்த பாஸ் என்னும் கருவியும், அதன் வழிவந்த லூட் என்னும் கருவியும் மோட்களை முறைப்படி வரிசைப்படுத்தின. எக்ஸ்எடிட் என்னும் கருவி, எந்த மோட் எந்தப் பொருளை மாற்றுகிறது என்பதை அருகருகே வைத்துக் காட்டியது. பாதியாக்கும் முறையும் பரவியது. 200 மோட்களில் 100ஐ நீக்கிப் பார்ப்பது. முடக்கம் நின்றால் குற்றவாளி நீக்கிய பாதியில் உள்ளது, நிற்காவிடில் எஞ்சிய பாதியில் உள்ளது. குற்றவாளி ஒன்றே ஆயின், எட்டுச் சோதனைகளுக்குள் அதனைப் பிடித்துவிடலாம். இரண்டு மோட்களின் மோதலே காரணமாயின் இம்முறை ஏமாற்றும் என்பதையும், பழைய சேமிப்பில் நீக்கிய மோட்டின் எச்சங்கள் தங்குமாதலால் புதிய ஆட்டத்தைத் தொடங்கியே சோதிக்க வேண்டும் என்பதையும் பட்டறிந்தனர்.

2014 ஆம் ஆண்டில் ஒரு பெரும் புதிர் அவிழ்ந்தது. ஆட்டம் தொடக்கத்தில் 256 மெகாபைட் நினைவகத்தையே ஒரு தொகுதியாக ஒதுக்கிக்கொள்கிறது என்பதும், அது நிரம்பி மேலும் இடம் வேண்டும்போதே பெரும்பாலும் வீழ்கிறது என்பதும் ஆடுவோருள் ஒருவரால் கண்டறியப்பட்டன. அத்தொகுதியை 512 ஆக உயர்த்தும் திருத்தத்தைக் கூலி எதுவும் பெறாமலே அவர் வழங்கினார். எத்தனையோ மோட்கள்மீது சுமத்தப்பட்ட பழி அன்று நீங்கிற்று. எனினும் ஆட்டம் 32 பிட் அமைப்பினது. கணினியில் எவ்வளவு நினைவகம் இருப்பினும் 4 ஜிகாபைட்டுக்கு மேல் அதனால் ஆள இயலாது. 2016 அக்டோபர் 28 இல் வெளிவந்த 64 பிட் சிறப்புப் பதிப்பே அத்தளையை அகற்றியது. அதன்பின், வீழ்ந்த கணத்தில் ஆட்டம் எதனைச் செய்துகொண்டிருந்தது என்பதைப் பதிவு செய்யும் கருவிகளையும் ஆடுவோரே ஆக்கினர். ஊமையாய் வீழ்ந்த ஆட்டம் வாய்திறந்து பேசலாயிற்று. 2021 நவம்பரில் வந்த புதுப்பிப்பு ஆட்டத்தின் உள்ளமைப்பையே மாற்ற, அதனைச் சார்ந்திருந்த மோட்கள் பல செயலற்றுப் போயின. அப்பொழுது அவர்கள் அஞ்சவில்லை. மாறியது யாது என்று முதலில் கேட்டனர்.

இவ்வரலாற்றை எனக்கு எடுத்துரைத்தவன் என் தம்பி மகன். இரவெல்லாம் கணினிமுன் அமர்ந்திருந்த அவனை வீண்பொழுது போக்குகிறாய் என்று கடிந்துகொண்டேன். அவனோ ஒரு பயிற்சிப் புத்தகத்தைக் காட்டினான். எந்த மோட்டை நீக்கினான், என்ன நேர்ந்தது, அடுத்து யாது செய்தான் என்று வரிசையாக எழுதியிருந்தான். ஒரு சோதனையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது அதன் முதல் பக்கத்தில் இருந்தது. நான் வாயடைத்து நின்றேன்.

மாணவன் கணக்கில் தவறினால் எந்தப் படியில் தவறினான் என்று கண்டறிக என ஆசிரியர் பயிற்சியின்போது எங்களுக்குக் கற்பித்தனர். ஆண்டுகள் பல சென்றபின், நாற்பது புத்தகங்கள் மேசைமேல் குவியும்போது, விடை தவறாயின் சிவப்பு மையால் கோடிட்டு அடுத்ததற்குச் சென்றவன் நான். படியைத் தேடாமல் பிள்ளையைப் பழித்த நாள்களும் உண்டு. மருத்துவத்திற்கு முன் ஆராய்ச்சி வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த நெறி. அந்நெறியை வகுப்பறையில் ஓதிய நான் மறந்தேன். அதனை ஓர் ஆட்டத்திற்காகக் கடைப்பிடித்தவர்கள் மறக்கவில்லை. இப்பொழுதெல்லாம் தவறான விடையைக் கண்டால், சிவப்புப் பேனாவை வைத்துவிட்டு மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படிக்கிறேன். பொழுது கூடுதலாகிறது, ஆயினும் பிழை பிடிபடுகிறது.