சியோலைட்

பெயர்ச்சொல். அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் அணுக்கள் கூடுபோல் பின்னிய, நுண்துளைகள் நிறைந்த படிகக் கனிமம். எரிமலைப் பாறைகளில் கிடைக்கும், ஆலைகளிலும் தயாரிக்கிறார்கள்.

பிறப்பு: கிரேக்க மொழியில் 'சீயோ' கொதித்தலையும் 'லித்தோஸ்' கல்லையும் குறிக்கும். 1756இல் சுவீடன் நாட்டுக் கனிமவியலாளர் ஆக்செல் குரோன்ஸ்டெட் ஒரு கனிமத்தை ஊதுகுழல் சுடரில் காட்டினார். அது நுரைத்துப் பொங்கியது. துளைகளில் தங்கியிருந்த நீர் ஆவியாகி வெளியேறியதுதான் காரணம். அதனால் 'கொதிக்கும் கல்' எனப் பெயரிட்டார்.

வேதியியலில்: நீர் போன பின்னும் கூடு குலைவதில்லை. காலியான துளைகளுக்குள் வேறு மூலக்கூறுகள் புகுந்து, அங்குள்ள அமில மையங்களில் வினைபுரிகின்றன. ஆகவே சியோலைட் ஒரு திண்ம வினையூக்கி. இசட்எஸ்எம்-5 என்னும் வகையில் துளையின் அகலம் சுமார் 0.55 நானோமீட்டர், பென்சீன் வளையம் நுழையலாம், பருத்த மூலக்கூறுகளுக்கு இடமில்லை. ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு, அம்மோனியா ஆகியவற்றின் ஆவிகளைச் சூடான இசட்எஸ்எம்-5 மீது செலுத்தினால் பிரிடின் உருவாகும். நைட்ரஜன் அடங்கிய இந்த ஆறணு வளையம் பல மருந்துகளுக்கும் பூச்சிக்கொல்லிகளுக்கும் மூலப்பொருள்.

எத்தில்பென்சீன் என்னும் வேதிப்பொருளின் தயாரிப்பில் முன்பு வினையூக்கியாக அலுமினியம் குளோரைடுதான் வழக்கம். அது கருவிகளை அரிக்கும். வினை முடிந்ததும் நீரில் கழுவி நீக்க வேண்டும், அமிலக் கழிவு மிஞ்சும். சியோலைட்டில் இந்தத் தொல்லை இல்லை. நாளடைவில் துளைகளில் கரி படிந்தால், காற்றைச் செலுத்தி எரித்துவிட்டு மறுபடி பயன்படுத்தலாம்.

பிற வழக்கு: சலவைத்தூளில் கடின நீரை மென்மையாக்க, பாஸ்பேட்டுக்குப் பதிலாகச் சேர்ப்பது 'சியோலைட்-ஏ'.