மூடப்பட்ட ஆலையின் மின்னணு ஆவணங்கள்: திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடத்துக்கான பாதுகாப்புத் திட்டம்

முன்னுரை

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மகிழுந்து உற்பத்தி தொடங்கியது. அதன்பின் வளர்ந்த திருப்பெரும்புதூர்–ஒரகடம் வழித்தடத்தின் வருகைப்பதிவுகளும் ஊதியப்பட்டியல்களும் மேன்மேலும் மின்னணு வடிவிலேயே உருவாகியுள்ளன. இவற்றைப் பாதுகாக்கும் திட்டம் எக்கட்டத்தில் தொடங்க வேண்டும் என்பதை நோக்கியா ஆலையின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

நோக்கியா ஆலை

2006இல் உற்பத்தியைத் தொடங்கிய இவ்வாலை, வருமான வரிப் பிணக்கின் காரணமாக, 2014 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் பெற்ற சொத்துகளில் சேர்க்கப்படவில்லை. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. 2019இல் சால்காம்ப் நிறுவனம் ஆலையை வாங்குவது அறிவிக்கப்பட்டது. கட்டடத்துக்கு மறுவாழ்வு கிடைத்தாலும், முன்பு அங்கு உழைத்தோரின் பணிப்பதிவுகள் நிலைக்கும் என்பதற்கு அதனால் உறுதியில்லை.

சட்ட வரம்பு

1993ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம் கணினியில் உருவானவற்றையும் ஆவணமாக ஏற்கிறது. ஆயினும் தனியார் ஆலைகள் அதன் வரம்பில் அடங்கா. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 128ஆம் பிரிவு கணக்கேடுகளை 8 நிதியாண்டுகள் பேணக் கோருகிறது. பொதுவிதிப்படி, 2014–15 கணக்குகளுக்கான அக்கடப்பாடு 2022–23 உடன் முடிந்தது. வரலாற்றாய்வாளர் தேடத் தொடங்கும் காலத்தில் அழிக்கும் உரிமை நிறுவனத்துக்குக் கிடைத்துவிடுகிறது.

திட்டக் கூறுகள்

முதலாவது, தேர்வு: ஊதியப்பட்டியல், தொழிற்சங்க ஒப்பந்தம், விபத்துப் பதிவேடு ஆகியன முன்னுரிமை பெற வேண்டும், தனிமனித விவரங்களைக் குறித்த காலம்வரை மூடி வைக்கலாம்.

இரண்டாவது, வடிவம்: 2010இல் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்கும் முன் தமிழ்க் கோப்புகள் பல்வேறு குறியாக்கங்களில் அமைந்தன. உரிய எழுத்துரு இல்லையெனில் கோப்பு திறந்தாலும் வாசிக்க இயலாது. ஆகவே மூலத்துடன் ஒருங்குறிப் படியும் தேவை.

மூன்றாவது, இடம்: 2015 திசம்பர் வெள்ளத்தைக் கருதினால், ஒரு படியேனும் மாவட்டத்துக்கு வெளியே இருத்தல் வேண்டும்.

நான்காவது, பொறுப்பு: மின்னணுக் காப்பகங்களுக்கான ஐஎஸ்ஓ 14721 தரம், பொறுப்பேற்கும் அமைப்பு ஒன்றை முன்நிபந்தனையாகக் கொள்கிறது. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் அதற்கு ஏற்றது.

முடிவுரை

சிப்காட் தன் நிலங்களை 99 ஆண்டுக் குத்தகைக்கு வழங்குகிறது. ஆவண ஒப்படைப்பை அக்குத்தகையின் நிபந்தனையாக்கினால், தனியார் ஆவணங்களைச் சட்டம் எட்டாத குறை ஓரளவு நீங்கும். மூடும் நாளில் நிறுவனத்திடம் கோருவதற்குப் பிடிமானம் ஏதுமில்லை. நிலம் வழங்கும் நாளில் அரசிடம் அது உண்டு. பாதுகாப்புத் திட்டம் அன்றே தொடங்க வேண்டும்.