போர்க்கலையும் முதுமையின் ஆறுதலும்: தாய்ச்சி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

சீன நகரங்களின் பூங்காக்களிலே வைகறைப் பொழுதில் முதியோர் குழுமி நின்று, கைகளை மெல்ல உயர்த்தியும் தாழ்த்தியும் தாய்ச்சி பயிலுங் காட்சி உலகறிந்த ஒன்றாகும். இக்கலை தொன்றுதொட்டு முதுமைக்கென்றே வகுக்கப்பட்டதென இதனைக் காண்போர் எண்ணுதல் இயல்பே. ஆயின் வரலாற்றுச் சான்றுகள் அவ்வெண்ணத்திற்கு இடந்தருவனவாக இல்லை.

சாங் சன்ஃபெங் என்னும் தாவோ துறவியே இக்கலையைத் தோற்றுவித்தவர் என்பது மரபுவழிக் கதை. 1930களில் இதனை ஆராய்ந்த தாங் ஹாவோ என்பார், ஹெனான் மாகாணத்துச் சென் குலத்தவர் கிராமத்திற்கே சென்று சான்றுகளைத் திரட்டி அக்கதையை மறுத்தார். பதினேழாம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த சென் வாங்திங் என்னும் போர்வீரரே மூலவர் என்பது அவர் முடிபு. அக்கிராமத்திற் பயின்ற யாங் லூசான் (1799 - 1872) பின்னர் பீக்கிங் நகரில் மஞ்சு பிரபுக்களுக்கு இதனைக் கற்பித்தார். அந்நாளில் இது தற்காப்புக்குரிய போர்ப்பயிற்சியாகவே விளங்கிற்று.

துப்பாக்கியின் முன் கைப்போர் பயனிழந்த காலத்தில், நாட்டு மக்களின் உடல்நலம் பேணும் கருவியாக இக்கலை புதுவாழ்வு பெற்றது. யாங் லூசானின் பேரரான யாங் செங்ஃபூ (1883 - 1936) பாய்ச்சலும் வேகமும் நீங்கிய சீரான அசைவுகளை நிலைபெறச் செய்தார். 1956 இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் இருபத்துநான்கு அசைவுகள் கொண்ட எளிய தொகுப்பை வெளியிட்டது. குலத்துக்கும் குருவுக்கும் உரியதாயிருந்த வித்தை இதனாற் பொதுமக்களின் உடைமையாயிற்று. 2020 இல் யுனெஸ்கோ இதனை மானிடத்தின் அருவமான பண்பாட்டு மரபுகளின் பட்டியலிற் சேர்த்தது.

இனி, முதியோரின் உள்ளத்திற்கு இது யாது செய்கின்றது என்பது நோக்கற்பாலது. முதுமையின் பெருந்துயர்களுள் ஒன்று விழுந்துவிடுவோமோ என்னும் அச்சமாகும். அவ்வச்சம் மனிதரை வீட்டினுள் முடக்கித் தனிமையில் ஆழ்த்துகின்றது. அமெரிக்காவின் அத்லாந்தா நகரில் எழுபது வயதைக் கடந்த இருநூறு பேரிடையே நிகழ்ந்து 1996 இல் வெளியான ஆய்வு, தாய்ச்சி பயின்றோரிடம் இவ்வச்சம் குறைந்தமையைக் காட்டிற்று.

குணமளிப்பது அசைவா, அன்றிக் கூடியிருத்தலா என்னும் வினா இங்கு எழுகின்றது. 2011 இல் வெளியான கலிபோர்னியா ஆய்வு இதற்கு ஓரளவு விடை பகர்கின்றது. மனச்சோர்வுக்கு மருந்துண்டும் முழுமையாகத் தேறாத முதியோரில் ஒரு சாரார், தாய்ச்சியைத் தழுவி அமெரிக்காவில் அமைக்கப்பட்ட எளிய பயிற்சியொன்றைப் பத்து வாரங்கள் பயின்றனர். மற்றையோர் குழுவாகக் கூடி உடல்நலக் கல்வி பெற்றனர். இரு சாராரும் தேறினர். எனினும் பயிற்சி பெற்றோரே மிகுதியாகத் தேறினர். கூட்டுறவு பயனுடையது, அசைவும் கவனமும் அதனோடு இணையும்போது பயன் பெருகுகின்றது என நாம் இதனாற் கொள்ளலாம்.

எனவே தாய்ச்சியைப் பழமை தந்த அற்புத மருந்தெனப் போற்றுதல் பொருந்தாது. போர்க்கலையொன்றை மக்கள் தம் தேவைக்கேற்ப மாற்றி, எளிமையாக்கி, பொதுவிடங்களிற் பரப்பியமையாலேயே அது முதியோர்க்கு ஆறுதலாயிற்று. முதியோருக்கு மருந்தளிப்பதோடு தன் கடமை முடிந்ததெனக் கருதும் எச்சமூகமும் இவ்வரலாற்றினின்று கற்கவேண்டியது இதுவே: அவர்கள் அச்சமின்றிக் கூடி நிற்பதற்கு ஓரிடமும், கூடிச் செய்வதற்கு ஒரு செயலும் வேண்டும்.